கைப்பிடி மாவு

அந்தப் பைய காலுக்கு அடியில வச்சுக்கிடுதேன் தாயி. மேல வச்சா இந்த பஸ்சு குலுங்குத குலுக்குல தலையில விழுந்துரும். எல்லாம் வெறும் டின்னுதான், சத்தம்தான் பெருசு. நீ சன்னல் பக்கமே இரு, பிள்ள வேடிக்க பாக்கட்டும். பேரு என்ன? யாழினியா. ரெண்டு வயசு இருக்குமா? மூணா. நல்ல சதைப்பிடிப்பா இருக்கா. நான் கண்ணு வைக்கல, சும்மா சொன்னேன்.

திசையன்விளைக்குப் போறேன். அங்க கோயில்ல இன்னைக்குப் பெண்கள் கூட்டம், நான் சாட்சி சொல்லணும். நீ எந்தச் சபை? ஓ, பொட்டு வச்சிருக்க, நான் கவனிக்கல, கண்ணாடிய பையில போட்டுட்டேன். அதனால என்ன, கேக்கதுக்கு எல்லாருக்கும் காது ஒண்ணுதான். சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்ல. ஆண்டவர் நமக்கு என்ன செஞ்சாருன்னு நாலு பேரு முன்னால நின்னு சொல்லுதது. எனக்கு லில்லி புஷ்பம்னு பேரு, வீடு பாளையங்கோட்ட. இப்ப எல்லாரும் ஆப்பிரிக்கா அக்கான்னு கூப்பிடுதாவ. கேலிக்குக் கூப்பிடுதாவளா பெருமைக்குக் கூப்பிடுதாவளான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

மலாவின்னு ஒரு நாடு. நானும் போறதுக்கு முன்னால கேள்விப்பட்டது இல்ல. என் தங்கச்சி மவன் எபநேசரு அங்க ஊழியத்துல இருக்கான். எபின்னு கூப்பிடுவோம். அவன் பெண்டாட்டி ஜெமிமா மாசமா இருந்தா. அவ அம்மைக்கு வர முடியல. "பெரியம்மா, நீங்க வந்து ஒரு ஆறேழு மாசம் இருந்தா ஒத்தாசையா இருக்கும், பொம்பளைகள் கூட்டத்தையும் நீங்களே பாத்துக்கிடலாம்"னான். எனக்கு என்ன, வீட்டுக்காரவுக போயிச் சேந்தாச்சு, ரெண்டு பயலுவளும் வெளியூருல. புளி, வத்தல், காயம், ஊறுகா எல்லாம் கட்டிக்கிட்டு ஏறிட்டேன். கறிவேப்பிலைய மட்டும் ஏர்போட்டுல எடுத்துக் குப்பையில போட்டுட்டான். அவன் நல்லா இருக்கட்டும்.

அங்க போயி என்ன பெரிய வேலைங்க? காலையில எந்திரிச்சு முத்தம் பெருக்கணும். அந்தச் செம்மண்ணு பெருக்கப் பெருக்க வரும். எபி போட்டுக் குடுத்த அடிபம்பு நம்ம வாசல்லதான், விடியுததுக்கு முன்னாலயே பொம்பளைகள் வாளியோட வந்துருவாவ. கரி அடுப்புல கஞ்சி, டீ. ஜெமிமாவுக்கு வாய்க்கு எதுவும் ஒத்துக்கிடாது, ரசம் வச்சுக் குடுப்பேன். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தேன். திங்கக்கிழம பொம்பளைகள் கூட்டம். ஞாயித்துக்கிழம ஆராதனை. அவுக பாட்டுன்னா சும்மா நின்னு பாடுதது இல்ல, இடுப்ப ஆட்டி, கையத் தட்டி, காணிக்கை போடப் போறதே ஒரு ஆட்டம்தான். மொத வாரம் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பொறவு நானும் லேசா ஆடுனேன். இத ஊருல யாருகிட்டயும் சொல்லல, உங்கிட்டதான் சொல்லுதேன்.

அந்தப் பம்புலதான் எஸ்நாத்தப் பாத்தேன்.

எஸ்நாத்துன்னா அவ பேரு. உன் வயசுதான் இருக்கும். புருஷன் தென்னாப்பிரிக்காவுல சுரங்கத்துக்குப் போனவன், வருவான் வருவான்னு இருக்கா. ஒரே ஒரு பொம்பளப்பிள்ள, சிக்கோண்டின்னு பேரு. அவுக பாஷையில அன்புன்னு அர்த்தமாம். இந்தா, உன் பிள்ள வயசுதான். நான் சிக்குன்னு கூப்பிடுவேன். எஸ்நாத்து ஆறாம் கிளாஸ் படிச்சவ, கொஞ்சம் இங்கிலீசு தெரியும். எனக்கும் அதே கொஞ்சம்தான். அதனால எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்தது இல்ல. அவ என்ன 'அமாய்'னு கூப்பிடுவா. மரியாதைக்குச் சொல்லுதது. பெரியவுகளுக்கு ஏதாவது குடுக்கணும்னா ரெண்டு முட்டியும் தரையில படக் கீழ இறங்கித்தான் குடுப்பா. பெரியவுக ஒண்ணு சொல்லிட்டா அவளுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாது. அந்த ஊருக்காரிய எல்லாருமே அப்படித்தான், இவ ரொம்ப.

சிக்கு எங்கூடதான் கெடப்பா. நான் காய் நறுக்கினா பக்கத்துல ஒரு குச்சிய வச்சு அவளும் நறுக்குவா. என் கம்மலப் பிடிச்சு இழுப்பா. எனக்குப் பொம்பளப்பிள்ள கெடையாது பாத்துக்கோ. என் பழைய மஞ்ச வாயில் சேலையக் கிழிச்சு கையாலயே ஒரு சட்ட தச்சுப் போட்டேன். அதப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தி வந்தா. எல்லாரும் கேட்டா 'அமாய்'னு என்னயக் கைகாட்டுவா. அன்னைக்கு எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அழுதேன்னுகூடச் சொல்லலாம்.

சரி, சாட்சிக்கு வாரேன்.

எங்க சபைகள்ல ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவுல போட்டுருவோம். காலையில ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஞாயித்துக்கிழம அதக் கொண்டு போயி கோயில்ல படைப்போம். அத வித்து ஊழியத்துக்கு அனுப்புவாவ. எபியும் அப்படிப் போனவன்தான். யாரோ எத்தனையோ பொம்பளைகள் எடுத்து வச்ச பிடி அரிசிதான் அவன அந்தத் தேசத்துல கொண்டு நிறுத்தியிருக்கு. எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஒரு நேரம் விட்டது இல்ல. பிள்ளைப்பேத்துக்குப் படுத்திருந்தப்பக்கூட அவுகள எடுத்து வைக்கச் சொன்னேன்.

அதையே அங்க ஆரம்பிச்சா என்னன்னு தோணுச்சு. அங்க அரிசி கெடையாது, மக்காச்சோள மாவு. அதக் கிண்டிக் கட்டியா உருட்டித் திங்காவ, நம்ம கேப்பக் களி மாதிரி, ஆனா வெள்ளையா இருக்கும். ஜெமிமா டீக்கு வாங்குத பால்மாவு டின்னு காலியாக் காலியாச் சேந்து கெடந்துச்சு. கழுவி, காய வச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு சிலுவ வரைஞ்சு, திங்கக்கிழம கூட்டத்துல ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். முட்டி போட்டு வாங்கிக்கிட்டாவ. எபிதான், "பெரியம்மா, இது பஞ்ச மாசம். பழைய சோளம் தீந்துபோச்சு, புதுசு வயல்ல பச்சையா நிக்கி. அறுப்பு முடியட்டும், பொறவு ஆரம்பிப்போம்"னான். நான் விடல. "ஏல, மிச்சம் இருக்கும்போது குடுக்குதது காணிக்கையாடா? கொறைவுல குடுக்குததுதான் காணிக்க"ன்னேன். அவன் சின்னப் பிள்ளையில இருந்தே என்ன எதுத்துப் பேசுனது இல்ல.

கூட்டத்துல அந்த விதவ கதையச் சொன்னேன். உனக்குத் தெரியாதுல்லா. ஊரெல்லாம் பஞ்சம், ஒருத்திகிட்ட ஒரே ஒரு பிடி மாவு இருக்கு, அவளுக்கும் பிள்ளைக்கும் கடைசிச் சாப்பாடு. அத தேவனோட ஊழியக்காரருக்கு மொதல்ல சுட்டுக் குடுத்துட்டா. அதுக்கப்புறம் அவ பானையில மாவு கொறையவே இல்ல. எஸ்நாத்துதான் மத்தவளுகளுக்கு அவுக பாஷையில எடுத்துச் சொன்னா. சொல்லும்போது அவ கண்ணு என்னமா இருந்துச்சு தெரியுமா. நம்பிட்டா. நம்பிட்டான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

மொத ஞாயித்துக்கிழம எல்லாரும் கொண்டாந்தாவ. நம்ம வீட்டு ரூமு ஒண்ணுல மூட்டையாக் கட்டிப் பூட்டி வச்சேன். ரெண்டாவது வாரம் பாதி டின்னு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா, மறந்துட்டேன் அமாய், டின்னு ஒழுகுது அமாய்னு சாக்கு. எஸ்நாத்து டின்னு மட்டும் ஒவ்வொரு வாரமும் வாய் வரைக்கும் நிறைஞ்சு இருக்கும். நான் அவள முன்னால கூப்பிட்டு நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொல்லுவேன். அவ வெக்கப்பட்டுத் தலையக் குனிவா. சிக்கு கீழ நின்னு அவளும் தட்டுவா.

ஒரு நாள் அவ வீட்டுக்குப் போனேன். சாயங்காலம், அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தா. ஒரு சட்டியில மாவு. மொத பிடி டின்னுக்குப் போச்சு. பொறவுதான் தண்ணிக்கு. நான் என்ன செஞ்சேன், பிள்ளையும் படிக்கட்டும்னு, சிக்குவ மடியில வச்சு, "நீ போடு பாப்போம்"னு அவ கையப் பிடிச்சு மாவுல விட்டேன். சின்னக் கை. அதுல எவ்வளவு வரும்? ரெண்டு தரம் போடச் சொன்னேன். போட்டுட்டு வெரல நக்கப் போனா. எஸ்நாத்து லேசாத் தட்டி, அது ஆண்டவருதுன்னு சொன்னா. பிள்ள உடனே கையக் கீழ போட்டுட்டா. மூணு வயசுல என்ன பக்தின்னு நான் வீட்டுக்கு வந்து ஜெமிமாகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனேன். ஜெமிமா, "நீங்க சாப்பிட்டீங்களா பெரியம்மா"ன்னு மட்டும் கேட்டா. நான் சொல்லுததுக்கு அவ என்ன கேக்கான்னு பாரு.

என்ன கேட்ட? அவ வீட்டுல சாப்பாடு இருந்துச்சாவா?

இருந்துச்சு. ஏம் இல்லாம? சாயங்காலம் அடுப்பு எரிஞ்சுச்சே, நான்தான் பாத்தேனே. ஒரு நேரம் இருந்துச்சு. அந்த மாசத்துல அங்க எல்லாருக்கும் ஒரு நேரம்தான். பூசணி எல பறிச்சுத் திங்காவ, பச்ச மாங்காய அவிச்சுத் திங்காவ. பழகுன ஒடம்பு. நம்மள மாதிரி இல்ல. சிக்கு நல்லாத்தான் இருந்தா. கன்னம் ரெண்டும் உப்பி, காலு ரெண்டும் கொழுகொழுன்னு. முடி மட்டும் ஒரு மாதிரி செம்பட்டையாப் போச்சு. வெயிலுக்குன்னு நெனச்சு எண்ண தேச்சு விட்டேன். நீயும் எபி மாதிரியே கேக்கியே தாயி.

காய்ச்சல்தான். மலேரியா. அங்க கொசு அப்படி, வருசா வருசம் எத்தனையோ பிள்ளைகளுக்கு வருது. எபி ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான், நானும் போனேன், என் மடியிலதான் கெடந்தா. கனமே இல்ல. அந்த மருந்துக்கார ஆளு பிள்ள கண்ணக் கீழ இழுத்துப் பாத்தாரு. கால ஒரு வெரலால அமுக்குனாரு, அமுக்குன குழி அப்படியே நின்னுச்சு. எஸ்நாத்தப் பாத்து என்னமோ கேட்டாரு. அவ திரும்பி என்னயப் பாத்தா. நான் எபிகிட்ட, "என்னல கேக்காரு"ன்னேன். "காய்ச்சல்தான் பெரியம்மா"ன்னான். அவன்தான் சொன்னான் காய்ச்சல்னு. வேணும்னா அவங்கிட்டயே போன் போட்டுக் கேட்டுப் பாரு. ஊசி போட்டாவ. ஆனா தாங்கல.

அந்த மஞ்சச் சட்டையிலதான் அடக்கம் பண்ணுனாவ. நான் வேண்டாம்னேன், நல்லதா ஒண்ணு எடுத்துத் தாரேன்னேன். எஸ்நாத்து அத விடல.

இந்தா, ஒண்ணும் இல்ல தாயி. இந்த ரோட்டுல தூசி. மூலைக்கரைப்பட்டி தாண்டியாச்சா?

அங்க ஒரு வழக்கம், செத்த வீட்டுக்கு ஒவ்வொருத்தியும் தலையில மாவு சுமந்துக்கிட்டு வருவா. வாரவங்களுக்குச் சாப்பாடு போடணும்லா. அன்னைக்கு ஒருத்தியும் மாவு கொண்டு வரல. வெறகு கொண்டு வந்தாவ, தண்ணி கொண்டு வந்தாவ. எனக்குப் பொறுக்கல. நான்தான் ஓடிப் போயி, நம்ம ரூமத் தொறந்து, கோயில் மாவ ஒரு மூட்ட எடுத்துட்டு வந்து கிண்டச் சொன்னேன். காணிக்க மாவு, தொடக்கூடாதுதான். ஆனா சிக்குவுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய? பூராப் பேரும் சாப்பிட்டாவ. அன்னைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாவன்னு நெனைக்கேன். எஸ்நாத்துக்கு நானே தட்டுல எடுத்துட்டுப் போயி வச்சேன். அவ ரொம்ப நேரம் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு ஒரு பிடி எடுத்தா. வாயில வைக்கல. பக்கத்துல பாயில, பிள்ள எப்பவும் உக்காருத எடத்துல, அதத் தனியா வச்சா.

பாத்தியா? பிள்ளையப் பொதச்ச அன்னைக்கும் ஒரு பிடி எடுத்து வச்சா. இதத்தான் நான் ஊரூராப் போயிச் சொல்லுதேன். சொன்னா கூட்டத்துல அழாத பொம்பள கெடையாது. அப்புறம் டின்ன எடுத்துக் குடுப்பேன், கைய நீட்டி வாங்கிக்கிடுவாவ. கோயிலுக்குத்தான் வச்சா. வேற எதுக்கு வைப்பா? ஜெமிமா அந்த எடத்துலயே எந்திரிச்சு வெளிய போயிட்டா. பிள்ளத்தாச்சி, வாந்தி வந்திருக்கும்.

எனக்கு வருத்தம் எங்கன்னா, மறுநாள் காலையில நான் எந்திரிச்சுப் பாக்கேன், எபி ரூமத் தொறந்து போட்டு மிச்ச மாவையெல்லாம் வீடு வீடா அளந்து குடுத்துக்கிட்டு இருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதுல கோயிலுக்கு ஒரு மணி வாங்கணும்னு நான் எத்தன ஜெபம் பண்ணியிருப்பேன். "யாரக் கேட்டுல குடுக்க"ன்னேன். அவன் என் மூஞ்சியப் பாக்காம, "அவங்க மாவுதானே பெரியம்மா"ன்னான். நான் தூக்கி வளத்த பிள்ள. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, உங்களுக்கு பிரஷர் இருக்கு, வெயில் ஒத்துக்கிடல, டிக்கெட் போட்டுட்டேன்னான். ஜெமிமாவுக்குப் பேறுகாலம்கூட ஆகல. ஒடம்புக்கு ஆகாதுன்னுதான் அனுப்புனான். வேற என்ன இருக்கப்போவுது.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். எஸ்நாத்து வரல பாரு, அதத்தான் தாங்க முடியல. நான் கெளம்புத அன்னைக்கு ஊரே வந்துச்சு. பாடுனாவ, ஆடுனாவ, அழுதாவ. அவள மட்டும் காணும். ஜீப்ப இப்ப எடுக்காதல, எடுக்காதலன்னு எபிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். ஏறப் போறப்ப பாக்கேன், வாசப்படியில அவ டின்னு இருக்கு. சிலுவ போட்டு நான் குடுத்த டின்னு. உள்ள ஒரு பொட்டு மாவு இல்லாம கழுவி, கவுத்தி வச்சிருக்கா. எப்ப வந்தா, எப்ப போனா, யாருக்கும் தெரியல. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்? சொல்லு தாயி. நீயும் ஒரு பிள்ளைக்கு அம்மதானே. என்னயப் பாக்காமப் போற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்? அவ பிள்ளைய அவள மாதிரியே நானும்தானே கொஞ்சுனேன்?

சரி விடு.

இந்தா, உன் பிள்ள என் பையில இருந்து உருவிக் கையில வச்சுத் தட்டுதால்லா, அதுதான் அந்த டின்னு. மத்ததெல்லாம் இங்க வாங்குனது, எல்லாருக்கும் குடுத்துருவேன். இத மட்டும் குடுக்குதது இல்ல. கூட்டத்துல காட்டிட்டுத் திரும்பப் பைக்குள்ள வச்சுருவேன். தட்டட்டும், தட்டட்டும், என்ன ஆயிறப் போவுது. சிக்குவும் இப்படித்தான் தட்டுவா.

இன்னொண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லிராத. அங்க இருந்து வந்த பொறவு என் வீட்டுல நான் பிடி அரிசி எடுத்து வைக்கல. ஊருக்கெல்லாம் சொல்லுதேன், எனக்கு முடியல. அரிசியில கைய விட்டா வெரல் மடங்க மாட்டேங்கு. டாக்டரு நரம்புன்னாரு, மாத்திர எழுதிக் குடுத்திருக்காரு. வயசாச்சுல்லா.

பிள்ளைக்குப் பசி வந்துட்டு போல. எடுத்துக் குடு, எடுத்துக் குடு. இட்லியா? மிளகாப்பொடி தடவாததுதானே? பாரேன், எப்படித் திங்கா. தங்கம், ஆத்தாளுக்கு ஒரு வாய் குடுப்பியா? இல்லையா? சரி, நீயே தின்னு.

ஏய். ஏய், என்னட்டி செய்யுத? பாரு தாயி, இட்லியப் பிட்டு டின்னுக்குள்ள போடுதா. நான் சொன்னதக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. வேண்டாம் தங்கம், வேண்டாம், அதுல போடாத. எடு. வெளிய எடு. கைய விடு, நான் எடுக்கேன். இந்தா, வாயத் தொற. ஆ காட்டு. நீ தின்னு. உனக்குத்தான் அது. யாருக்கும் இல்ல, உனக்குத்தான்.

நீ ஏம்மா டப்பாவ மூடுத? அதான் இன்னும் ரெண்டு இட்லி இருக்கே. பொறவு குடுக்கலாம்னு எடுத்து வைக்காத. இப்பவே குடு. பூராவும் குடு. நான் பிட்டுத் தாரேன், என் கையி நல்லாத்தான் மடங்குது, இங்க குடு.

யாரு, கண்டக்டரா? திசையன்விளையா? வந்துட்டா அதுக்குள்ள?

எறங்கணும்தான். கோயில்ல காத்துக்கிட்டு இருப்பாவ. இருக்கட்டும். விசில் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும் தாயி. மொதல்ல பிள்ள தின்னு முடிக்கட்டும்.